சீதனத்தோடு போன அக்கா, இறந்த அண்ணன், காணாமற்போன தம்பி: முதுசக் காணியை எப்படிப் பிரிப்பது?

வேலிக்கதியால்

வடக்கில் காணிச்சோலி என்று வரும் கேள்விகளில் பாதி, போருக்குப் பிறகு சகோதரங்களுக்குள் பங்கு பிரிக்கிற கேள்விதான். துண்டு துண்டாகப் பதில் சொல்லி அலுத்துவிட்டது. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பேச ஒரு கற்பனைக் குடும்பத்தை வைக்கிறேன்.

யாழ்ப்பாணத்து வலிகாமம். தகப்பன் 1991இல் இறந்தார், தாய் 2003இல். பிள்ளைகள் ஐந்து பேர். மூத்த மகள் 1979இல் சீதன உறுதியோடு (உறுதி என்றால் காணிப் பத்திரம்) கலியாணம் கட்டியவர். மூத்த மகன் 1986இல் கனடா போய் அந்த நாட்டுக் குடியுரிமை எடுத்தவர். இரண்டாவது மகன் கலியாணம் கட்டிப் பிள்ளை இல்லாமல் 2006இல் இறந்தார், மனைவி இருக்கிறார். மூன்றாவது மகனை 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் கடைசியாகக் கண்டது. அவருக்கு மனைவியும் இரண்டு பிள்ளைகளும். கடைசி மகள் கலியாணம் கட்டவில்லை, தாய் தகப்பனைப் பார்த்தவர், இப்போதும் வீட்டில் இருப்பவர்.

காணி இரண்டு. 12 பரப்பு வீட்டுக்காணி, தகப்பனுக்கு அவருடைய தகப்பன் வழி வந்தது. 8 பரப்பு தோட்டக்காணி, 1972இல் தகப்பன் உழைத்து விலைக்கு வாங்கியது. உறுதிகள் 1995 இடப்பெயர்வில் தொலைந்தன.

கனடாக்காரர் வித்துக் காசாக்கச் சொல்கிறார். கடைசித் தங்கச்சி தன் பங்கைப் பிரித்துத் தரக் கேட்கிறார். எங்கே தொடங்குவது?

முதுசம்16

காணியில் தொடங்கக் கூடாது. ஆட்களில் தொடங்க வேண்டும். யார் இருக்கிறார், யார் எந்தத் திகதியில் இறந்தார், யார் எப்போது எழுத்து எழுதினார், அதாவது கலியாணத்தைப் பதிந்தார் என்பது கடதாசியில் நிற்காமல் நில அளவையாளரைக் கூப்பிட்டால் அளந்த காசு வீண்.

முதலில் கணக்கு. யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமையில் சொத்து எப்படி வந்தது என்பதுதான் அது யாருக்குப் போகும் என்பதைத் தீர்மானிக்கும். பெற்றோர், முன்னோர் வழியாக வந்தது முதுசம். பெண்ணுக்குக் கலியாணத்தின்போது கொடுத்தது சீதனம். கலியாண காலத்தில் விலை கொடுத்து வாங்கியது தேடிய தேட்டம், ஆனால் அந்த விலை தன் தனிச் சொத்திலிருந்து வந்திருக்கக் கூடாது. அடிப்படைச் சட்டம் 1911ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம். தேடிய தேட்டத்தின் இன்றைய வரைவிலக்கணம் 1947ஆம் ஆண்டுத் திருத்தத்தில் வந்தது.

வீட்டுக்காணி 12 பரப்பு, தகப்பனின் முதுசம். 1991இல் தாய்க்கு அதில் பங்கு இல்லை, நேரே பிள்ளைகளுக்குப் போகிறது. சீதனம் வாங்கிய மூத்த மகள் பெற்றோரின் மிச்சச் சொத்தில் பங்கு கேட்க முடியாது. மிச்சம் 4 பேர், ஆளுக்கு 3 பரப்பு.

தோட்டக்காணி 8 பரப்பு, தேடிய தேட்டம். தகப்பன் இறந்தபோது பாதி, அதாவது 4 பரப்பு, தாய்க்கு. மற்ற 4 பரப்பு 4 பிள்ளைகளுக்கு, ஆளுக்கு 1. தாய் 2003இல் இறந்தபோது அவருடைய 4 பரப்பும் அதே 4 பேருக்கு, ஆளுக்கு இன்னொரு 1.

ஆக 2003 முடிவில் ஆளுக்கு 5 பரப்பு: வீட்டுக்காணியில் 3, தோட்டத்தில் 2. எல்லாம் பிரிக்கப்படாத பங்கு. ‘கிணத்தடிப் பக்கம் என்ரது’ என்று யாரும் சொல்ல முடியாது.

(வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகளுக்கு: 16 பரப்பு 1 ஏக்கர், 1 பரப்பு 10 பேர்ச், அல்லது 18 குழி. உறுதியில் ‘பரப்பு 4 குழி 9’ என்று இருந்தால் அது நாலரைப் பரப்பு.)

தென்னோலை

அண்ணை, மூத்தவவுக்குச் சீதன உறுதி எழுதாமல் நகையும் காசும் மட்டும் குடுத்திருந்தால்? 80களில் பல வீட்டில அப்பிடித்தானே.

முதுசம்16

நகையும் காசும் கூடச் சீதனமாக இருக்கலாம். சிக்கல் நிரூபிப்பதில். உறுதி இருந்தால் ஒரு தாளோடு கதை முடிந்தது. இல்லாவிட்டால் 45 வருசத்துக்கு முந்தைய கலியாணத்தில் என்ன கொடுத்தார்கள், அது சீதனமாகவா வெறும் அன்பளிப்பாகவா என்று சாட்சி தேட வேண்டும். அந்தச் சாட்சிகளில் பாதிப்பேர் இன்று இல்லை. அதனால் மூத்த சகோதரி சட்டப்படி பங்குக்காரி இல்லை என்று நம்பினாலும் அவரைப் பிரிவினை உறுதியில் ஒரு தரப்பாகச் சேர்த்து, ‘பெற்றோர் சொத்தில் எனக்கு உரித்து இல்லை’ என்று கையெழுத்து வாங்குவது நல்லது. பிறகு வாங்க வருகிறவரின் சட்டத்தரணி கேட்கப்போகும் முதல் கேள்வி இதுதான்.

இன்னொன்று. சீதன விலக்கு பெற்றோரின் சொத்தைப் பற்றியது. 2006இல் இறந்த தம்பியின் சொத்து வேறு விசயம். அங்கே அக்காவை விட்டுவிட்டுக் கணக்குப் போடாதீர்கள்.

பனங்கொட்டை

2006இல் இறந்தவரின் மனைவியைப் பற்றி ஒருவரும் பேசக் காணோம். பிள்ளை இல்லாத விதவை என்றால் நம் ஆட்களுக்கு ஞாபகமே வராதோ?

முதுசம்16

வரிசையில் வந்துகொண்டிருந்தது. இப்போதே சொல்கிறேன். பதில் கசப்பானது.

கணவனின் முதுசத்தில் அவருக்குப் பங்கு இல்லை. அந்த 5 பரப்பும் பிள்ளை இல்லாததால் கணவனின் கூடப்பிறந்தவர்கள் வழிக்குத் திரும்பும். கணவனும் அவரும் வாழ்ந்த காலத்தில் விலைக்கு வாங்கியது இருந்தால் அதில் பாதி அவருக்கு. அவருடைய சீதனம் அவருடையது. அவ்வளவுதான். இதே குடும்பம் மட்டக்களப்பில் இருந்து தேசவழமைக்குள் வராமல் இருந்திருந்தால், 1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் கட்டளைச்சட்டப்படி கணவன் சொத்தில் பாதி மனைவிக்கு வந்திருக்கும்.

இதைத் தடுக்க ஒரே வழி கணவன் உயிரோடு இருக்கும்போது மரணசாதனம் (உயில்) எழுதுவது. நொத்தாரிசும் (உறுதி எழுதி அத்தாட்சிப்படுத்துபவர்) இரண்டு சாட்சிகளும், அல்லது நொத்தாரிசு இல்லாமல் ஐந்து சாட்சிகள். முப்பது வயதில் யார் எழுதுகிறார்கள்? போரில் இறந்தவர்களில் அனேகமாக ஒருவரும் எழுதவில்லை.

பனங்கொட்டை

அதாவது கணவனின் வீட்டில் பத்து வருசம் மாமியைப் பார்த்த பெண் வெளியே, கனடாக்காரர் உள்ளே.

முதுசம்16

சட்டம் அப்படி. சகோதரங்கள் விரும்பினால் தங்களுக்கு வந்த பங்கில் ஒரு பகுதியை நன்கொடை உறுதியாக அவருக்கு எழுதலாம். எழுதும்போது அவர் அதே உறுதியில் ஏற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வைக்க வேண்டும். ஏற்பு இல்லாத நன்கொடை நிற்காது. பல உறுதிகள் விழுவது இந்த ஒரு வரி இல்லாததால்.

குமாஸ்தா

இனிக் காணாமற்போனவர். இழையின் முடிச்சு அவர்தான். நீளமாகத்தான் எழுத வேண்டும்.

அவருடைய 5 பரப்பும், இறந்த தமையனிடமிருந்து வரும் பகுதியும் இன்றுவரை அவர் பெயரில்தான். அவருடைய மனைவியும் பிள்ளைகளும் அவருக்காகக் கையெழுத்து வைக்க முடியாது. பங்காளிகள் எல்லோரும் ஒப்பமிடாத இணக்கப் பிரிவினை உறுதி, ஒப்பமிடாதவரைக் கட்டாது. ‘அவன்ர மனிசி சைன் வைச்சால் போதும்’ என்று எழுதிய உறுதிகள் ஊரில் நிறைய உண்டு. வங்கிக் கடனுக்குப் போகும்போதுதான் அவை வெடிக்கும்.

கடதாசி இரண்டு வகை.

ஒன்று இறப்புச் சான்றிதழ். 2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க, இறப்புகளைப் பதிவுசெய்யும் தற்காலிக ஏற்பாடுகள் சட்டத்தில், ஒரு வருசத்துக்கு மேல் காணாமற்போயிருப்பவரின் இறப்பைப் பதிவுசெய்யலாம். உடலோ வைத்தியசாலைப் பதிவோ தேவையில்லை. எடுத்தால் மரபுரிமை திறக்கும். அவருடைய முதுசம் மனைவிக்கு அல்ல, இரண்டு பிள்ளைகளுக்குச் சமமாகப் போகும்.

மற்றது காணப்படாமைச் சான்றிதழ். 2016ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கத் திருத்தத்தில் வந்தது. இறந்தார் என்று சொல்லாமல் ‘இவர் காணப்படவில்லை’ என்று மட்டும் அரசாங்கம் ஏற்றுக்கொள்கிற தாள். 2 வருசம் செல்லும், புதுப்பிக்கலாம். உதவிப்பணம் பெற, பிள்ளைகளின் தற்காலிகப் பாதுகாவலுக்கு, சொத்தைப் பராமரிக்க, வழக்கில் அவர் சார்பில் நிற்கப் பயன்படும். ஆனால் அவர் சட்டப்படி உயிரோடிருப்பவர். காணி பிள்ளைகளுக்கு மாறாது. இதை வைத்து விற்கவோ பிரிக்கவோ வெளிக்கிட வேண்டாம்.

2010 சட்டத்தின்கீழ் முன்பு இறப்புச் சான்று எடுத்தவர்கள் அதை விட்டுக் காணப்படாமைச் சான்றுக்கு மாற விண்ணப்பிக்கவும் 2016 திருத்தம் வழி வைத்தது. நிவாரணத்துக்காகவும் பள்ளிக்கூட அனுமதிக்காகவும் மனமில்லாமல் இறப்புச் சான்று எடுத்தவர்கள் அறிய வேண்டிய விசயம்.

விண்ணப்பத்தோடு என்ன வைப்பது? காணாமற்போனவரின் பிறப்புச் சான்று, தேசிய அடையாள அட்டை இலக்கம், திருமணச் சான்று, பிள்ளைகளின் பிறப்புச் சான்றுகள், விண்ணப்பிப்பவரின் சத்தியக் கடதாசி, கிராம சேவகரின் உறுதிப்படுத்தல். அதற்கு மேல் அந்தக் காலத்தில் முறையிட்ட எந்தத் துண்டும். பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதி, மனித உரிமைகள் ஆணைக்குழு இலக்கம், செஞ்சிலுவைக் குழுவின் தேடுதல் பதிவு இலக்கம், 2013இல் அமைத்த ஜனாதிபதி ஆணைக்குழுவுக்குக் கொடுத்த மனுவின் பிரதி, 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தில் வந்த காணாமற்போனோர் அலுவலகத்தின் பதிவு. பழைய இலக்கம் எவ்வளவு பழையதோ அவ்வளவு பெறுமதி.

எங்கே பிழைக்கிறது என்றால் பெயரில். ஒரு முறைப்பாட்டில் தகப்பன் பெயர் முழுவதாக, மற்றதில் முதலெழுத்து மட்டும், இன்னொன்றில் இயக்கப் பெயர். ஆங்கில எழுத்துக்கூட்டல் மூன்று விதம். நான்கு தாளும் ஒரே ஆளைப் பற்றியவை என்று ஒரு சத்தியக் கடதாசியில் வரிசையாக, ஒவ்வொரு தாளின் இலக்கமும் திகதியும் போட்டு இணைக்க வேண்டும். ‘மேற்படி பெயர்கள் எல்லாம் ஒருவரையே குறிக்கும்’ என்று ஒற்றை வரி போட்டால் திருப்பி அனுப்புவார்கள்.

வேலிக்கதியால்

ஒரு வேண்டுகோள், இடையில். தம்பியின் மனைவியிடம் இறப்புச் சான்று எடுக்கச் சொல்லி நெருக்குகிற வேலையைக் கூடப்பிறந்தவர்கள் செய்யக் கூடாது. வீதியில் படத்தோடு நிற்கிற பெண்ணிடம் ‘காணி விக்க வேணும், செத்திட்டார் எண்டு எழுது’ என்பது எந்தச் சட்டத்திலும் கடமை இல்லை.

குமாஸ்தா

உண்மை. கட்டாயப்படுத்தாமலே வழி உண்டு. மூன்று சொல்கிறேன்.

முதலாவது, காத்திருப்பது. தங்கச்சி வீட்டில் தொடர்ந்து இருக்கலாம். அவர் இருப்பதால் மற்றவர்களின் உரிமை போகாது. பங்காளி ஒருவர் ஆள்வது எல்லாப் பங்காளிகளுக்காகவும் ஆள்வதாகவே கொள்ளப்படும் என்பது 1911இல் பிரிவிக் கவுன்சில் ‘கோரியா எதிர் இசெரிஸ் அப்புஹாமி’ வழக்கில் சொன்ன விதி. ‘பத்து வருசம் ஆண்டால் சொந்தம்’ என்பது பிறத்தியாருக்கு எதிரான கதை. கூடப்பிறந்தவருக்கு எதிராக அது இலகுவில் எடுபடாது.

இரண்டாவது, தன் பிரிக்கப்படாத பங்கை மட்டும் விற்பது. இதற்கு மற்றவர்களின் கையெழுத்து தேவையில்லை. ஆனால் தேசவழமையில் பங்காளிகளுக்கும், விற்பவர் அந்த நேரம் இறந்தால் வாரிசாக வரக்கூடியவர்களுக்கும் முன்வாங்கும் உரிமை உண்டு. 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம். அவர்களுக்கு முறைப்படி அறிவிக்காமல் பிறத்தியாருக்கு விற்றால் விற்பனையை வழக்கில் புரட்டலாம். அதனால்தான் பிரிக்காத பங்குக்குச் சந்தையில் விலை இல்லை.

மூன்றாவது, 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தில் மாவட்ட நீதிமன்றத்தில் பிரிவினை வழக்கு. காணாமற்போனவரையும் உரித்துள்ளவராகக் காட்ட வேண்டும், மறைக்கக் கூடாது. அவர் பங்கு தனித் துண்டாக நிற்கும். மற்றவர்கள் தங்கள் துண்டோடு விலகலாம். வருசக்கணக்கில் இழுக்கும், ஆனால் தீர்ப்பு எல்லோரையும் கட்டும். வழக்கு நடக்கையில் தரப்பினர் ஒருவர் இறந்தால் யார் அவர் இடத்தில் நிற்பது என்று முன்கூட்டியே குறிப்புத் தாக்கல் செய்ய மறக்காதீர்கள். இருபது பேர் உள்ள வழக்குகள் படுப்பது பெரும்பாலும் அங்கேதான்.

தென்னோலை

பிள்ளையள் சின்னனா இருந்தால்?

குமாஸ்தா

18 வயது ஆகாதவரின் காணியை விற்க நீதிமன்ற அனுமதி வேண்டும், தாய் மட்டும் கையெழுத்து வைத்தால் போதாது. ஆனால் 2009இல் கைக்குழந்தையாக இருந்த பிள்ளைக்கே 2027இல் 18 ஆகிறது. இந்த விசயத்தில் அவசரம் குறைந்துகொண்டு வருகிறது. பிள்ளைகள் தாங்களே ஒப்பமிடும் வயது வந்தபின் தாயின் தலையில் இருந்த பாரம் இறங்கும்.

கரிக்கட்டை

இறந்த திகதியைப் பற்றி ஒரு வார்த்தை. ‘எந்தத் திகதி போட்டால் என்ன’ என்று சான்றில் ஏதோ ஒன்றைப் போடுகிறார்கள். திகதி மாறினால் வாரிசு மாறும். இந்தக் கணக்கில் தமையன் 2006, தம்பி 2009. தமையன் சாகும்போது தம்பி உயிரோடு இருந்தார், ஆகவே தமையன் சொத்தில் தம்பிக்குப் பங்கு விழுந்து, அது தம்பியின் பிள்ளைகளுக்கு இறங்கும். இரண்டு சகோதரர்களும் பிள்ளை இல்லாதவர்கள், மனைவிமார் இருக்கிறார்கள், இடையில் ஒருவர் வாங்கிய காணி இருக்கிறது என்றால் யார் முந்தினார் என்பதே முழு வழக்கு. தெரிந்ததை, தெரிந்த அளவுக்கு, எல்லாத் தாளிலும் ஒரே மாதிரி எழுதுங்கள்.

பனங்கொட்டை

கலியாணத் திகதியும் அதே மாதிரி. 2006 முதல் 2009 வரை வன்னியில் வீட்டுக்கு ஒருவர் என்று பிள்ளைகளைப் பிடித்த காலத்தில் 16, 17 வயதில் அவசரமாகத் தாலி கட்டினார்கள். 1995 திருத்தத்துக்குப் பிறகு 18 நிரம்பாத கலியாணம் செல்லாது. அந்தச் சோடிகள் 18க்குப் பிறகு எழுத்து எழுதியிருந்தால்தான் பிடிமானம். எழுதாமலே கணவன் காணாமற்போயிருந்தால், மனைவி என்று நிறுவுவதே முதல் போராட்டம்.

வயது சரியாக இருந்து வழமைப்படி தாலி கட்டிய கலியாணம் பதிவில்லாவிட்டாலும் செல்லும். பதிவு மிகச் சிறந்த சாட்சி, ஒரே சாட்சி அல்ல. ஐயர், கலியாணப் படம், குடும்ப அட்டை, நலன்புரி முகாம் பதிவு, பிள்ளையின் பிறப்புச் சான்றில் பெற்றோர் விவாகம் செய்தவர்களா என்ற கூடு. அந்தக் கூட்டில் ‘இல்லை’ என்று இருந்தால் முதலில் அதைத் திருத்துங்கள், பிறகு காணிக்கு வாருங்கள்.

காணாமற்போனவரின் மனைவி மறுமணம் செய்ய நினைத்தாலும் விவாகப் பதிவாளர் இறப்புச் சான்று அல்லது விவாகரத்துத் தீர்ப்புக் கேட்பார். காணப்படாமைச் சான்று அதற்கு உதவாது. வெறும் தாலியோடு இரண்டாவது வீட்டுக்குப் போனால் அங்கே பிறக்கும் பிள்ளைகளுக்கும் இதே கூட்டுச் சிக்கல்.

தென்னோலை

அவவின்ர சொந்தச் சீதனக் காணியையாவது விக்கலாம்தானே?

முதுசம்16

அதுதான் இந்தச் சட்டத்தின் பெரிய அநியாயம். தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண் தன் பெயரில் உள்ள அசையாச் சொத்தை விற்கக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். 1911 சட்டத்தின் 6ஆம் பிரிவு. கணவனையே காணவில்லை, சம்மதத்துக்கு எங்கே போவது?

8ஆம் பிரிவு கை கொடுக்கும். கணவன் கைவிட்டுப்போனால், இருக்கும் இடம் தெரியாவிட்டால், நியாயமில்லாமல் சம்மதம் மறுத்தால் மாவட்ட நீதிமன்றத்தில் மனுப் போட்டு அவர் சம்மதம் இல்லாமலே விற்க, நன்கொடை எழுத அனுமதி வாங்கலாம். கேட்கும்போது எந்தக் காணி, என்ன தேவைக்கு என்று குறிப்பாகச் சொல்ல வேண்டும். மகளுக்குச் சீதனம் எழுத, வைத்தியச் செலவுக்கு என்று. இங்கே காணப்படாமைச் சான்று நல்ல ஆதாரம்.

கலப்புக் கலியாணம் என்றால் கவனம். தேசவழமைக்குள் வராத பெண் வடக்கு ஆணைக் கட்டினால் அவரும் இதற்குள் வருவார். வடக்குப் பெண் வெளியே கட்டினால் அந்தக் கலியாணம் நிற்கும் வரை இதற்குள் இல்லை. ஒரே வீட்டு அக்காவுக்கும் தங்கச்சிக்கும் இரண்டு சட்டம்.

கரிக்கட்டை

மாற்றுக் கலியாணம் செய்த வீடுகளில் இன்னும் வேடிக்கை. அண்ணனும் தங்கச்சியும் அடுத்த வீட்டுத் தங்கச்சியையும் அண்ணனையும் கட்டி, ஒரே நாளில் இரண்டு சீதன உறுதி. ஒரு பக்கத்தில் மாப்பிள்ளை போரில் போனதும் ‘எங்கட உறுதியைத் திருப்பு’ என்று சண்டை. இரண்டு உறுதியும் தனித்தனி. ஒன்று கலங்கியதால் மற்றது விழாது.

கதவுத்திறப்பு

உறுதி தொலைந்ததைப் பற்றி யாரும் எழுதவில்லை. சுருக்கமாக.

நொத்தாரிசு முன்னால் முடித்த உறுதிக்கு மூன்று பிரதி உண்டு. மூலம் உடைமைக்காரரிடம், இணைப்பிரதி காணிப் பதிவகத்தில், மூன்றாவது நொத்தாரிசு வைத்திருக்கும் உறுதிக் கட்டுக்குள். நொத்தாரிசு இறந்தால் அவர் கட்டு காணிப் பதிவகத்துக்குப் போக வேண்டும். ஆகவே வீடு எரிந்ததால் உரிமை எரியாது. நொத்தாரிசின் பெயர், உறுதி இலக்கம், திகதி மூன்றும் தெரிந்தால் அத்தாட்சிப்படுத்திய பிரதி எடுப்பது இலகு.

மூன்றும் தெரியாதபோது அயலவரின் உறுதியைக் கேளுங்கள். எல்லை விபரத்தில் ‘வடக்கு: இன்னார் பெண்சாதி இன்னார் சீதனக்காணி’ என்று உங்கள் பெற்றோரின் பெயர் அங்கே இருக்கும். அதிலிருந்து காணியின் பெயரைப் பிடிக்கலாம். யாழ்ப்பாணத்தில் ஒவ்வொரு காணிக்கும் ஒரு பெயர் உண்டு, அது தெரிந்தால் பதிவேட்டில் தேடுவது பாதி முடிந்த மாதிரி. 1990க்குப் பிறகு உயர்பாதுகாப்பு வலயத்துக்குள் போய் வேலி, கிணறு, எல்லைப் பனை எல்லாம் இடித்துத் தள்ளிய வலிகாமம் வடக்குக் காணிகளுக்கும் இந்த அயலவர் உறுதிதான் உயிர். அளவையாளர் பழைய நிலப்படம் இல்லாமல் வெறும் வெளியில் எல்லை போட முடியாது.

பெற்றோர் இறந்த பிறகு ஒருவரும் எதுவும் எழுதாமல் இருந்தால், உரித்து எப்படி இறங்கியது என்று காட்டும் வெளிப்படுத்தல் உறுதி எழுதிப் பதியுங்கள். பெறுமதி கூடிய சொத்தென்றால் நீதிமன்றத்தில் மரபுரிமை வழக்கே போட வேண்டிவரும்.

குமாஸ்தா

கனடாக்காரருக்கு இரண்டு விசயம். 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் வெளிநாட்டுக் குடிமக்கள் இங்கே காணி வாங்குவதைத் தடுத்தாலும், நெருங்கிய உறவிடமிருந்து மரபுரிமையாக வருவதைத் தடுக்கவில்லை. 1991இலும் 2003இலும் வந்த பங்குக்கோ எந்தக் கேள்வியும் இல்லை. ஆனால் தங்கச்சியின் பங்கை ‘நானே வாங்குறன்’ என்றால் இரட்டைக் குடியுரிமை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

அற்றோணித் தத்துவம் (தனக்குப் பதிலாக ஒப்பமிட இன்னொருவருக்குக் கொடுக்கும் அதிகாரப் பத்திரம்) அனுப்பினால் பொதுவாக ‘என் அலுவல்கள் எல்லாம்’ என்று எழுதாமல் காணியின் பெயர், பரப்பு, உறுதி இலக்கம், விற்கவா பிரிக்கவா என்று குறித்து எழுதச் சொல்லுங்கள். அங்குள்ள இலங்கைத் தூதரகத்தில் அத்தாட்சிப்படுத்தி இங்கே பதிய வேண்டும். கொடுத்தவர் இறந்த நிமிடம் தத்துவமும் இறந்துவிடும். அண்ணன் ரொறன்ரோவில் செவ்வாய்க்கிழமை இறந்து, தம்பி யாழ்ப்பாணத்தில் வியாழக்கிழமை கையெழுத்து வைத்தால் அந்த உறுதி செல்லாது, செத்த வீட்டுச் செய்தி பிந்தி வந்தது என்பது காரணமாகாது.

வன்னிக்கிணறு

கிளிநொச்சி, முல்லைத்தீவு ஆட்களுக்கு ஒரு எச்சரிக்கை. மேலே உள்ள கணக்கு உறுதிக் காணிக்கு. உங்களிடம் இருப்பது அரசாங்கம் கொடுத்த அனுமதிப்பத்திரமோ அளிப்புப் பத்திரமோ என்றால் அது 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச்சட்டம். தேசவழமை அங்கே செல்லாது, ஐந்து பேருக்குச் சமமாகப் பிரியாது. பின்னுரித்தாளர் என்று பதிந்தவருக்குப் போகும். பதியாவிட்டால் வாழ்க்கைத் துணைக்கு, பிறகு அட்டவணை வரிசைப்படி. அந்த வரிசையில் ஆணை முன்னுக்கு வைத்ததை 2022 திருத்தம் நீக்கியது. பிரதேச செயலாளர் சம்மதம் இல்லாமல் விற்க முடியாது. பின்னுரித்தாளராகப் பதிந்த மகனே காணாமற்போயிருந்தால், பெற்றோர் உயிரோடிருக்கும்போதே பிரதேச செயலகம் போய்ப் பெயரை மாற்றுங்கள். பெற்றோரும் போனபின் அந்தக் கோப்பு அசையாது.

தாய் தகப்பனை இழந்த மருமக்களை வளர்க்கிறவர்களும் கவனியுங்கள். வளர்த்தால் வாரிசு ஆகாது. 1941ஆம் ஆண்டுச் சட்டப்படி நீதிமன்றத்தில் தத்தெடுத்தால் ஆகும், அல்லது நன்கொடை உறுதி எழுத வேண்டும். எழுதும்போது சீவியவுருத்தை, அதாவது சாகும் வரை அனுபவிக்கும் உரிமையை, உங்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

வேலிக்கதியால்

எல்லாம் சரிவந்து எல்லோரும் கையெழுத்து வைக்கும் நாள் வந்தது என்று வைப்போம். நிலப்படத்தில் என்ன பார்க்க வேண்டும்?

கதவுத்திறப்பு

கிணறு. வீட்டுக்காணியைத் துண்டாக்கும்போது கிணறு ஒரு துண்டில்தான் விழும். மற்றத் துண்டுகளுக்குக் கிணற்றுப் பங்கு, அதற்குப் போகும் வழி, வாய்க்கால் பாத்தியதை மூன்றையும் ஒவ்வொரு துண்டின் விபரத்திலும் எழுத வேண்டும். ‘அண்ணன் தம்பிதானே, அள்ளட்டும்’ என்று விட்டால், அண்ணன் துண்டை விற்றதும் வாங்கினவர் முதல் வேலையாக மதில் கட்டுவார். தோட்டக்காணியில் இறைப்பு முறையும் குறியுங்கள், எந்தத் துண்டுக்கு வாரத்தில் எத்தனை நாள் என்று.

பாதை நிலப்படத்தில் தனித் துண்டாகக் கீறி, எல்லோருக்கும் பொது என்று வரட்டும். வண்டில் போகும் அகலம் அன்றைக்குப் போதும், இன்றைக்கு அம்புலன்ஸ் போக வேண்டும்.

வீடு நிற்கும் துண்டு தங்கச்சிக்கு என்றால் வீட்டின் பெறுமதியை எப்படி ஈடுசெய்தார்கள் என்பதும் உறுதியில் இருக்க வேண்டும். வாயால் பேசினது அடுத்த தலைமுறைக்குத் தெரியாது.

தென்னோலை

காணாமற்போனவரின்ர துண்டுக்கு ஆர் வரி கட்டுறது?

கதவுத்திறப்பு

யார் கட்டினாலும் பற்றுச்சீட்டு அவர் பெயரில் எடுத்து அவர் மனைவியிடம் கொடுங்கள். தங்கள் பெயரில் எடுத்து வைத்தால் பிறகு அதுவே ‘நாங்கள்தான் ஆண்டோம்’ என்று சொல்லும் தாளாகிவிடும்.